விழுகிற வேலை

சலவைக்கூடத்தில் பஞ்சுவுக்கு வேலை உருளை இஸ்திரியில். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து, ஈரத்தோடு அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவள் விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறி உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒருத்தி நின்று, கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதை வாங்கி மடிக்க வேண்டும். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒத்துப்போகாவிட்டால் விரிப்பு கோணிக்கொள்ளும். அசந்தால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

வாங்குகிறவள் குருவி. ஆள் சின்னவள், குரல் கீச்சு, அதனால் அந்தப் பெயர். அன்றைக்கு அவளுடைய இடத்தில் யாரோ ஒரு புதுப்பெண் நின்று தடுமாறிக்கொண்டிருந்தாள். குருவியோ வலது முழங்கையில் மாவுக்கட்டோடு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் தலையணை உறைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வீட்ல இருந்தா என்னடி? கையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டு இங்க வந்து உக்காரணுமா?” என்றாள் பஞ்சு.

“வீட்ல இருந்தா அம்மா அழுதுக்கிட்டே இருக்குக்கா. கை வலியைவிட அது பெரிய வலி.”

“எப்படி ஆச்சு? ஒழுங்கா முதல்லேருந்து சொல்லு.”

“பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன். ஒருத்தன் வந்து பையைப் பிடிச்சு இழுத்தான். நம்ம தற்காப்புப் பயிற்சிக் கூடத்துல மாஸ்டர் சொல்லிக் குடுத்தாரே, அதே மாதிரிதான் பண்ணேன். இழுக்கிறவன் பக்கமே போ, திரும்பி முதுகைக் குடு, இடுப்பை அடியில விடு, தூக்கிப் போடு. ஒண்ணுகூட விடலைக்கா. அவன் பீரோ மாதிரி நின்னுட்டான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, சிரிச்சான். சிரிச்சுட்டு ஒரு தள்ளு தள்ளினான். கையை ஊனினேன். முழங்கையில படக்குன்னு ஒரு சத்தம்.”

“பையில என்னடி இருந்துச்சு?”

“சாப்பாட்டு டப்பா. ஒரு குடை. குடையும் ஓட்டை.”

“ஓட்டைக் குடைக்கா போய் முதுகைக் குடுத்தே? விட்டுட்டு ஓடியிருக்கலாமேடி!”

“ஓடணும்னு தோணலையேக்கா. எறிஞ்சுடலாம்னுதான் தோணுச்சு. கூடத்துல உங்களை எத்தனை தடவை எறிஞ்சிருக்கேன்! நீங்க என்னைவிட எவ்வளவு கனம். அப்படியே லேசா போவீங்களே.”

பஞ்சுவின் கை நின்றது. கை நின்றால் உருளை நிற்குமா? விரிப்பு ஒரு பக்கமாகச் சுருண்டு உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. மேற்பார்வைக்காரர் எங்கிருந்தோ கத்தினார். அவள் மிதியை அழுத்தி உருளையை நிறுத்தி, வெந்த துணியை வெளியே இழுத்தாள். விரல் நுனி சுட்டது. அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

குருவி ஒன்றும் அறியாதவளாக மேலே பேசிக்கொண்டு போனாள். “மாஸ்டர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாருக்கா. எனக்குப் பணிவு இல்லையாம். மூணு மாசம் கத்துக்கிட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரி வெளியில காட்டப் போனதாலதான் இப்படி ஆச்சாம். ஞாயித்துக்கிழமை புதுசா நர்சுங்க வராங்களாமே, அவங்க முன்னாடி நான் குனிஞ்சு மன்னிப்புக் கேக்கணுமாம். அவங்களுக்கும் அது ஒரு பாடமா இருக்குமாம்.”

“நீ என்ன சொன்னே?”

“சரின்னுட்டேன். மாஸ்டர் சொன்னா சரியாத்தானே இருக்கும்?”

பஞ்சுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைச் சொல்லி அனுப்பிய மனிதர் காலையில் அவளோடுதான் உட்கார்ந்து டீ குடித்தார். அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மாஸ்டர் அவளுடைய புருஷன்.

பஞ்சு என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. கூடத்தில் வைத்தது. அவள் விழுவதைப் பார்த்தவர்கள் வைத்தது. மாஸ்டர் அவளைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றி மெத்தையில் போடுவார். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு திடுக்கென்று தூக்கிப் போடும். அவள் உருண்டு எழுந்து, தலை கலையாமல், அவரைப் பார்த்துக் குனிந்து வணங்குவாள். விழுந்தவர்தான் முதலில் வணங்க வேண்டும் என்பது அந்தக் கூடத்து வழக்கம். எறிந்தவர் தலையை லேசாக அசைத்தால் போதும்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. இரண்டு பேரும் சின்ன வயதில் வேறொரு கூடத்தில் ஒன்றாகக் கற்றுக்கொண்டவர்கள். அங்கே முதல் ஆறு மாதம் யாரையும் யாரும் தொடவே முடியாது. விழ வேண்டும், அவ்வளவுதான். முன்னால் விழு, பின்னால் விழு, பக்கவாட்டில் விழு. தலையைக் குனிந்து நாடியை மார்போடு ஒட்டு, கையை ஊனாதே, உள்ளங்கையால் தரையை அடி. அதற்குப் பிறகு அவர் அவளை எறிவார், அவள் அவரை எறிவாள். அப்படி ஒருவரை ஒருவர் எறிந்து எறிந்துதான் கல்யாணம் வரைக்கும் வந்தது. அவர் அப்போது நன்றாக விழுவார்.

பழைய சைக்கிள் கிடங்கை வாடகைக்கு எடுத்து அவர் சொந்தமாகக் கூடம் வைத்த பிறகுதான் கதை மாறியது. மாஸ்டர் விழுவதை மாணவர்கள் பார்த்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் எறிகிற வேலை அவருக்கு, விழுகிற வேலை அவளுக்கு என்று பிரிந்தது. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிக்கவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவுகிற வேலை எப்படி ஒருத்தர் தலையில் வந்து விடிகிறதோ அப்படித்தான்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் செய்து காட்ட ஒப்புக்கொண்டிருந்தார். பாவம், வலியோடு தூக்குகிறாரே என்று அவள் குதிகாலைத் தூக்கி முன்னால் சாய்ந்து நின்று, ஒரு சின்ன எம்பு எம்பிக் கொடுத்தாள். அன்பில்தான் கொடுத்தாள். அவருடைய இடுப்பு நான்கு நாளில் சரியாகிவிட்டது. எம்பு மட்டும் நிற்கவில்லை. வருஷக்கணக்கில் எம்பிக்கொண்டே இருந்தாள். அவரும் தன் கலை முற்றிவிட்டது என்று நம்ப ஆரம்பித்தார்.

கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களும் அவளைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். மாஸ்டர் கை வைத்தால் விழுந்துவிட வேண்டும். ஒரு கொத்தனார் வந்தார், வேலை செய்து இறுகிய உடம்பு. அவருக்கு இந்த நெளிவு சுளிவு தெரியாது, மாஸ்டர் எறிய வந்தபோது நின்றபடியே நின்றார். மாஸ்டர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, “உனக்கு உடம்புல வலு இருக்கு, மனசுல பணிவு இல்ல,” என்று சொல்லி ஒரு மாதம் மெத்தை துடைக்க விட்டார். கொத்தனார் இரண்டு நாள் துடைத்துவிட்டு வராமல் நின்றுவிட்டார். சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறது, ‘இங்கே முதல் பாடம் பணிவு’ என்று. எழுதிப் போட்டவரைத் தவிர மற்ற எல்லோரும் அந்தப் பாடத்தைப் படித்தார்கள்.

கூடத்துக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைதான் வீடு. பஞ்சு வேலை முடிந்து வந்தபோது மாஸ்டர் ரொட்டியையும் முட்டையையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மகள் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பஞ்சு பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“குருவியை மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்களா?”

“ஆமா.”

“எதுக்கு?”

“கத்துக்கிறதுக்கு முன்னாடி காட்டப் போனா, அதுக்கு.”

“காட்டவா போனா? வழிப்பறிக்காரன்கிட்ட மாட்டினா. நீங்க இதைத்தானே சொல்லிக் குடுத்தீங்க? இப்படி இழுத்தா இப்படிப் போடுன்னு?”

“சொல்லிக் குடுத்தேன். அதைச் செய்யறதுக்கு ஒரு பக்குவம் வேணும். பணிவு இருந்தாத்தான் பக்குவம் வரும். கலை மேல தப்பு இல்ல.”

“அவன் ஏன் விழலை தெரியுமா உங்களுக்கு?”

“அவளுக்கு இடுப்பு உள்ள போயிருக்காது.”

“இடுப்பெல்லாம் போச்சு. அதுக்கு முன்னாடி அவனை முன்னால இழுத்து நிலை குலைய வைக்கணுமே, அது எங்க போச்சு? அதை நீங்க சொல்லியே குடுக்கலை. ஏன் குடுக்கலைன்னா, உங்களுக்கே அது மறந்துபோச்சு. நான்தான் வரும்போதே முன்னால சாஞ்சுக்கிட்டு வந்து நிக்கிறேனே! உங்களுக்கும் அப்படித்தான் நின்னேன், அவளுக்கும் அப்படித்தான் நின்னேன். பையைப் பறிக்கிறவன் அப்படியா நிப்பான்?”

மாஸ்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதில்தான் பஞ்சுவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. “நீ எனக்கு விட்டுக்குடுத்துதான் நான் எறியறேன்னு சொல்ல வரியா?”

“சொல்ல வரலை. சொல்லிட்டேன்.”

“அம்மா சொல்றது நிஜம்தான்பா,” என்றாள் மகள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் ஏன் கூடத்துக்கு வரதை நிறுத்தினேன்னு நெனக்கிறீங்க? ஒரு தடவை நீங்க தொடறதுக்கு முன்னாடியே விழுந்துட்டேன். அதுக்குத் திட்டினீங்க, இன்னும் கொஞ்சம் பொறுத்து விழணும்னு.”

“நீ சும்மா இரு. ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு...” அவர் தட்டைத் தள்ளிவைத்தார். “ஒரு பொண்ணுக்குக் கை உடைஞ்சா என் கூடத்தையே மூடணுமா?”

“மூட வேண்டாம். விழக் கத்துக் குடுங்க. நம்ம ரெண்டு பேரும் ஆறு மாசம் விழுந்தோம். இந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு நாள்கூட ஏன் சொல்லித் தரலை?”

“விழச் சொன்னா யார் வருவா? முழங்கால் சிவந்துபோச்சு, முதுகு வலிக்குதுன்னு ரெண்டாம் நாளே நின்னுடுவாங்க. எறியணும்னுதான் வராங்க.”

“எறியறதும் வரலை, விழறதும் வரலை. அப்ப என்னத்தைத்தான் குடுத்து அனுப்பறோம்? திமிரைக் குடுத்து அனுப்பறோம். அது இல்லாம இருந்திருந்தா குடையை விட்டுட்டு ஓடி வந்திருப்பா. ஞாயித்துக்கிழமை வர்ற நர்சுங்க இருட்டுல வேலை முடிஞ்சு போறவங்க. அவங்களும் இதை நம்பி எவனுக்காவது முதுகைக் குடுக்கணுமா?”

“பேசி முடிச்சுட்டியா?”

“இல்ல. குருவி குனியக் கூடாது.”

“குனிவா,” என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

பஞ்சு அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை. சலவைக்கூடத்தில் விரிப்பை உதறுகிற உதறலில் புதுப்பெண் மிரண்டுபோனாள். கோபம் அவர் மேல் மட்டும் இருந்தால் தாங்கியிருக்கலாம். பாதிக் கோபம் தன் மேல் இருந்தது. கூடத்தில் எல்லோரும் அவளைக் காட்டி, பணிவு என்றால் பஞ்சக்கா மாதிரி என்பார்கள். அதைக் கேட்டு அவளும் உள்ளுக்குள் குளிர்ந்திருக்கிறாள். இப்போது நினைத்தால் கசந்தது. புருஷன் தப்பாகச் செய்வதைத் தெரிந்துகொண்டே எம்பிக் கொடுத்ததற்குப் பெயர் பணிவா? அது வாயை மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அவள் வாயை மூடியதற்கு முழங்கையைக் கொடுத்தவள் குருவி.

ஞாயிற்றுக்கிழமை காலை கிடங்கின் தகரக் கூரையில் வெயில் ஏறுவதற்கு முன்பே நர்சுகள் வந்துவிட்டார்கள். ராத்திரி வேலை முடிந்து நேராக வந்தவர்கள் சிலர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒருத்தி செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் துவைத்து மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பில் நடுவில் நின்றார். அந்த உடுப்பைத் தேய்த்துக் கொடுத்தவள் பஞ்சுதான். கோபம் இருந்தால் என்ன, துணி என்ன பண்ணும் என்று தேய்த்துக் கொடுத்திருந்தாள்.

அவர் பணிவைப் பற்றிப் பேசினார். நன்றாகப் பேசுவார். வருஷக்கணக்காகப் பயிற்சி செய்கிறவனுக்கு முதலில் கரைய வேண்டியது கொழுப்பு இல்லை, நான் என்கிற நினைப்பு என்றார். நர்சுகள் தலையாட்டினார்கள். பிறகு அவர் குருவியைக் கூப்பிட்டார்.

குருவி கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு மெத்தைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. “எல்லாரும் என்னை மன்னிக்கணும்,” என்று ஆரம்பித்துக் குனியப் போனாள். அதற்குள் பஞ்சு போய் அவளுடைய நல்ல கையைப் பிடித்து நிமிர்த்திவிட்டாள்.

“நிமிர்ந்து நில்லுடி. நீ என்ன தப்பு பண்ணே?”

“பஞ்சு, உன் இடத்துக்குப் போ,” என்றார் மாஸ்டர்.

அவள் போகவில்லை. குருவிக்கு முன்னால் நின்று, இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினாள். “மன்னிப்புக் கேக்க வேண்டியவ நான். நீ என்னை எறிஞ்சப்பல்லாம் நானாத்தான் விழுந்தேன். உனக்கு எறியத் தெரிஞ்சுடுச்சுன்னு நீ நெனக்க நான்தான் காரணம். என்னை மன்னிச்சுடு.”

“அய்யோ அக்கா, என்னக்கா இது,” என்று குருவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

பஞ்சு நர்சுகள் பக்கம் திரும்பினாள். “நீங்க இங்க வந்தது எவனாவது கையைப் பிடிச்சா என்ன பண்றதுன்னு தெரிஞ்சுக்கத்தானே? பாருங்க.” பிறகு மாஸ்டரிடம் போய் அவருடைய சட்டைக் கையையும் கழுத்துப் பட்டியையும் பிடித்தாள். எப்போதும் பிடிக்கிற அதே பிடி. குதிகால் மட்டும் தரையில் பதிந்திருந்தது. “நான்தான் வழிப்பறிக்காரன். எறிங்க.”

“இது என்ன கூத்து?” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“எறிங்க மாஸ்டர்.”

இத்தனை பேர் பார்க்கும்போது எறியாமல் எப்படி இருப்பது? அவர் திரும்பி இடுப்பை அடியில் விட்டு இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். உடுப்பின் தையல் நெறிந்ததே தவிர ஆள் அசையவில்லை. அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. இருக்கிற வலுவையெல்லாம் சேர்த்து மூன்றாவது தடவை பாய்ந்து திரும்பினார். பஞ்சு வேறொன்றும் செய்யவில்லை. அரை அடி பின்னால் நகர்ந்தாள். தாங்க உடம்பு இல்லாமல், அவருடைய வேகம் அவரையே கொண்டுபோனது. போகிற போக்கில் அவர் வலது கையை நீட்டித் தரையில் ஊனப் போனார்.

முதல் நாள், முதல் பாடத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது. கையை ஊனாதே.

பஞ்சு சட்டைக் கையை விடவில்லை. வெடுக்கென்று மேலே இழுத்துப் பிடித்தாள். கை தரையில் படாமல் அந்தரத்தில் நின்றது. மாஸ்டர் பொத்தென்று உட்கார்ந்த நிலையில் மெத்தையில் விழுந்தார். அந்தச் சத்தத்தை அந்தக் கூடம் அதுவரை கேட்டதே இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்கு வெற்றி மாதிரி எதுவும் தோன்றவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது, அதுவும் கோபத்தில் வந்த அழுகை. “உங்களுக்கு விழவே மறந்துபோச்சு,” என்றாள். “எத்தனை வருஷமா விழலை நீங்க? நான் பிடிக்காம விட்டிருந்தா உங்களுக்கும் இந்நேரம் முழங்கை போயிருக்கும். அவளுக்குப் போன மாதிரியே.”

மாஸ்டர் எழுந்தார். முகம் கன்றிப்போயிருந்தது. “வகுப்பு முடிஞ்சுது. எல்லாரும் போகலாம்,” என்றார். யாரும் அசையவில்லை. அவர் விறுவிறுவென்று பின்னால் போய் வீட்டுக் கதவை அறைந்து சாத்தினார். தகரக் கூரை அதிர்ந்து அடங்கியது.

செருப்பைக் கையில் வைத்திருந்த நர்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள். “அப்ப எவனாவது பையை இழுத்தா என்னதான் பண்றது?”

“பையைக் குடுத்துட்டு ஓடுங்க,” என்றாள் பஞ்சு. “தள்ளிவிட்டா எலும்பு உடையாம விழுந்து, எழுந்து ஓடுங்க. அதைத்தான் என்னால இப்ப சொல்லித் தர முடியும். எறியறது இப்போதைக்குக் கிடையாது. ஆறு மாசம் விழணும். முழங்கால் சிவக்கும், முதுகு வலிக்கும். இஷ்டம் இருக்கிறவங்க வரிசையில நில்லுங்க.”

இரண்டு பேர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள்.

முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் சாயச் சொன்னாள். நாடியை மார்போடு ஒட்டச் சொன்னாள். உள்ளங்கையால் மெத்தையை அடிக்கச் சொன்னாள். ஒருத்திக்குத் தலை இடித்தது, ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது. குருவி ஓரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “நாடியை உள்ள இழுங்க, அந்த நீலச் சட்டைக்காரங்க, நாடி!” என்று கீச்சுக் குரலில் ஏவ ஆரம்பித்தாள். அவளுக்கே அது தெரியாது. பஞ்சு சொன்னதைக் கேட்டு அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிக் கூரை சுட்டது. மெத்தையிலிருந்து வியர்வை வாடை கிளம்பியது. பஞ்சு யாரையும் கொஞ்சவில்லை. கோபத்தோடுதான் சொல்லிக் கொடுத்தாள்.

பின்னால் கதவு திறந்தது. நர்சுகளின் கண் அந்தப் பக்கம் போனதால்தான் பஞ்சுவுக்குத் தெரிந்தது. மாஸ்டர் வந்து, வரிசையின் கடைசியில், செருப்பு நர்சுக்குப் பக்கத்தில் நின்றார். யாரையும் பார்க்கவில்லை. பணிவு வந்து வந்தாரா, வகுப்பு தன் கையை விட்டுப் போகிறதே என்ற பதைப்பில் வந்தாரா என்று யார் கண்டது? கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வேறொருத்தி குரலில் தன் கூடம் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் லேசான காரியம் இல்லை.

பஞ்சு அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் மனசு ஆறவில்லை. குருவியின் முழங்கைக்கு அவர் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியாகவில்லை. அதை அவள் விடப்போவதும் இல்லை.

“எல்லாரும் எழுந்து நில்லுங்க. இப்ப நின்ன இடத்திலேருந்து பக்கவாட்டுல விழணும். விழுங்க.”

மெத்தை படபடவென்று அதிர்ந்தது. எல்லோருக்கும் பிந்தி, கனமாக, ஒரு சத்தம் தனியாக வந்தது. பஞ்சு திரும்பிப் பார்த்தாள். அவருடைய வலது கை முழங்கை விறைத்துத் தரையில் ஊனியிருந்தது.

“கடைசியில நிக்கிறவரு!” என்று அவள் கூடமே அதிரக் கத்தினாள். “கையை ஊனாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? எழுந்து திரும்ப விழுங்க.”

அவர் எழுந்து திரும்ப விழுந்தார். மறுபடியும் ஊனினார். அவள் மறுபடியும் கத்தினாள்.